ஒளிந்திருந்த காவலன்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பங்கின் திருவிழா அழைப்பிதழை அச்சிடக் கொடுப்பதற்காக, அலுவலகக் கணினியிலிருந்து அதனை ஒரு பென்டிரைவில் படியெடுத்து அச்சகத்திற்குக் கொண்டுசென்றிருந்தேன். மாலையில் திரும்பி வந்து அதே பென்டிரைவை மீண்டும் கணினியில் செருகினேன். மறுநாள் காலை திருமுழுக்குப் பதிவேட்டின் கணினிப் படியைத் திறக்க முயன்றபோது அது திறக்கவில்லை. கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன; உள்ளேதான் ஒன்றுமில்லை. பதறிப்போய்ப் பாடகர் குழுவில் உள்ள இளைஞர் ஒருவரை வரவழைத்தேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஃபாதர், பயப்படாதீங்க. எதுவும் அழியல. உங்க கோப்பையெல்லாம் மறைச்சு வச்சிட்டு, அதே பேர்ல தன்னை உட்கார வச்சிருக்கு” என்றார்.

இழந்தது எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் சொன்ன ‘மறைச்சு’ என்னும் சொல் மனத்தைவிட்டு அகலவில்லை. நம் வீட்டில் நம் கண்முன்னே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நாம் பார்க்கும்போது அது இல்லை என்று சுவர்களே நமக்குப் பொய் சொல்கின்றன. திருடன் இப்படிச் செய்வதில் வியப்பில்லை. ஒளிவது அவன் தொழில். ஆனால், உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களுள் ஒன்று, காசு கொடுத்துத் தன் இசைத்தகட்டை வாங்கிய நேர்மையான மனிதர்களின் கணினிகளில் இதே தந்திரத்தைக் கையாண்ட வரலாறு ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது நடந்தது. இன்று பலரும் மறந்துவிட்ட அவ்வரலாற்றை, நகல் எடுப்போரைத் திருடர் என்று எளிதாகச் சொல்லிவிடும் நாம் அனைவரும் ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது.

கதையைக் குறுந்தகடு பிறந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய இசைக் குறுந்தகடு 1982இல் சந்தைக்கு வந்தது. ஒரு வினாடி நேர ஒலியை 44,100 முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாகத் தகட்டில் பதித்து வைப்பதே அதன் நுட்பம். இசைத்தகடு என்பது உண்மையில் எண்களின் நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலுக்குப் பூட்டு எதுவும் போடப்படவில்லை. ஏனெனில், அன்று அதனை நகல் எடுக்க யாராலும் இயலாது. 1983இல் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளும். ஒரே ஓர் இசைத்தகட்டில் இருந்த எண்களோ 600 மெகாபைட்டுக்கு மேல். ஆற்றின் நடுவில் கட்டிய வீட்டுக்கு எதற்குக் கதவு என்று எண்ணிக் கட்டியதைப் போன்றது அது. ஆறு வற்றும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஆறு வற்றியது. 1990களின் பிற்பகுதியில் வன்தட்டுகள் பெருத்தன. வெற்றுத் தகட்டில் எழுதும் கருவிகள் மலிந்தன. ஒலிக்கோப்பினை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித் தரும் எம்பி3 முறை பரவியது. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர், முன்பின் அறியாதவர்கள் ஒருவர் கணினியிலிருந்து மற்றவர் பாடல்களைப் பெற வழி செய்தது. 2001இல் நீதிமன்ற ஆணையின் விளைவாக அது மூடப்பட்டாலும், அது காட்டிய வழி மூடப்படவில்லை. இசை நிறுவனங்கள் அஞ்சியதைக் குறை கூற நான் முன்வரமாட்டேன். பாட்டெழுதியவருக்கும் பாடியவருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரவு பகலாக உழைத்தவருக்கும் உரிய கூலியைத் தராமல் அவர்தம் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வது நல்ல செயல் அன்று. நம் பங்குகளிலும் பாடல் தகடு ஒன்றை வாங்கி நாற்பது நகல் எடுத்து, “ஆண்டவருக்காகத்தானே” என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அந்தச் சமாதானத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆயினும் அஞ்சியவர்கள் தேடிய பரிகாரம் விந்தையானது. ஏற்கெனவே உலகெங்கும் வீடுகளில் இருந்த கோடிக்கணக்கான இசைப்பெட்டிகள் தகட்டைப் படிக்க வேண்டும்; கணினி மட்டும் அதனைப் படிக்கக் கூடாது. படிப்பது இரண்டும் ஒன்றே என்னும்போது இது எவ்வாறு இயலும்? முதலில், தகட்டின் வெளிவிளிம்பில் கணினியைக் குழப்பும் பொய்த் தகவல் தடம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2002இல், அந்த விளிம்பின்மேல் சாதாரண மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும், தடை நீங்கிவிடும் என்பது வெளிப்பட்டது. பெரும் பொருட்செலவில் செய்த பூட்டு, பள்ளிப் பிள்ளையின் பேனாவுக்கு ஆற்றாமல் போயிற்று. குறுந்தகட்டைக் கண்டுபிடித்த ஃபிலிப்ஸ் நிறுவனமோ, இவ்வாறு சிதைக்கப்பட்டவை குறுந்தகடுகளே அல்ல என்றும், குறுந்தகட்டுக்குரிய முத்திரைச் சின்னத்தை அவற்றின்மேல் அச்சிடக் கூடாது என்றும் கூறிவிட்டது.

அடுத்துக் கையாண்ட வழியே நம் கதைக்கு உரியது. தகட்டைத் தொடாமல் கணினியைத் தொடுவது என்று முடிவாயிற்று. பாடல்களோடு ஒரு சிறு மென்பொருளையும் தகட்டில் வைத்தார்கள். தகட்டைக் கணினியில் இட்டவுடன் அம்மென்பொருள் தானாகவே இயங்கி, கணினிக்குள் தன்னை நிறுவிக்கொண்டு, நகல் எடுக்கும் முயற்சிகளைத் தடுத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து, செருகிய தகட்டில் உள்ள நிரலைக் கேட்காமலே இயக்கும் ‘ஆட்டோரன்’ என்னும் வசதி இருந்துவந்தது. வாயிலில் காவலாளி இல்லை. வருபவர் யாராயினும் உள்ளே வரலாம். பல்லாண்டுகள் கழித்து அச்சகத்திலிருந்து என் பென்டிரைவில் ஏறி வந்த விருந்தாளியும் இந்தக் குடும்பத்து வழியில் வந்தவர்தான்.

இம்முறையின் பலவீனத்தை முதலில் வெளிப்படுத்தியவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன். சன்காம் என்னும் நிறுவனம் செய்த பாதுகாப்பு மென்பொருளை ஆராய்ந்த அவர், 2003 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். தகட்டை உள்ளே இடும்போது விசைப்பலகையில் உள்ள ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஆட்டோரன் இயங்காது. எனவே பூட்டும் இராது. இதுவே அவர் சொன்னது. அந்நிறுவனம் அவர்மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தது. உலகமே நகைக்கவே மறுநாள் பின்வாங்கியது. நகைப்புக்கு உரியதுதான். ஆனால், அந்த மிரட்டலுக்குப் பின்னால் உண்மையான சட்டம் ஒன்று நின்றது. 1998இல் அமெரிக்க நாடு இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், நகல் எடுப்பதை மட்டுமன்றி, நகலைத் தடுக்கும் பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியைப் பிறருக்குத் தருவதையும் குற்றமாக்கியிருந்தது. திறந்தவன் எதையும் திருடவில்லை என்றாலும் குற்றமே. இந்தச் சட்டத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது மீண்டும் வரும்.

2004இல் சோனியின் இசைப் பிரிவும் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் நிறுவனத்தின் இசைப் பிரிவும் இணைந்து சோனி பி.எம்.ஜி. என்னும் பெருநிறுவனம் உருவாயிற்று. அது 2005இல் வெளியிட்ட தகடுகள் சிலவற்றில் எக்ஸ்.சி.பி. என்னும் மென்பொருளைச் சேர்த்தது. அதனை எழுதியது ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்னும் பிரித்தானியச் சிறு நிறுவனம். வாங்கியவர் மூன்று நகல்களுக்குமேல் எடுக்க இயலாதபடி அது தடுத்தது. இவ்வளவில் நின்றிருந்தால் இன்று இக்கட்டுரைக்கு இடமில்லை. ஆனால், கணினியில் நிறுவப்பட்ட காவலனை உரிமையாளர் கண்டுகொண்டு நீக்கிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எனவே காவலனை ஒளித்து வைத்தார்கள்.

ஒளித்த முறையைச் சற்று விளக்க வேண்டும். நாம் கணினியில் கோப்புகளின் பட்டியலைக் கேட்கும்போது, இயங்குதளம் என்னும் அடிப்படை நிரல்தான் வன்தட்டைப் பார்த்துவிட்டு நமக்குப் பதில் சொல்கிறது. எக்ஸ்.சி.பி. அந்த இயங்குதளத்தின் உள்ளேயே புகுந்து, அது பதில் சொல்லும் இடத்தில் அமர்ந்துகொண்டது. டாலர் குறியில் தொடங்கி, ‘சிஸ்’ என்னும் எழுத்துகள் வந்து, மீண்டும் டாலர் குறி வரும் பெயரைத் தாங்கிய எந்தக் கோப்பாயினும், எந்த நிரலாயினும் பட்டியலிலிருந்து நீக்கியே அது காட்டியது. நச்சு நிரல்களைத் தேடும் மென்பொருள் கேட்டாலும் அதே பதில்தான். யூனிக்ஸ் கணினிகளில் அனைத்து அதிகாரமும் உடைய பயனருக்கு ‘ரூட்’ என்று பெயர். ஊடுருவியவர் அந்த அதிகாரத்தை யாருக்கும் தெரியாமல் தக்கவைத்துக்கொள்ளப் பயன்படுத்திய கருவித்தொகுப்புக்கு ‘ரூட்கிட்’ என்று பெயர் வழங்கியது. திருடர் கையில் மட்டுமே இருந்த அக்கருவியைத்தான் உரிமை காக்கும் நிறுவனம் தன் கையில் எடுத்தது.

மார்க் ருசினோவிச் என்னும் கணினி அறிஞர் விண்டோஸின் உள்ளமைப்பை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். ஒளிந்திருக்கும் நிரல்களைக் கண்டுபிடிக்கத் தாமே எழுதிய கருவியை 2005 அக்டோபரில் தம் சொந்தக் கணினியில் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் இராது என்று எண்ணிய இடத்தில் மறைக்கப்பட்ட கோப்புறை ஒன்று அகப்பட்டது. தம் கணினிக்குள் எவரோ நுழைந்துவிட்டனர் என்றே முதலில் கருதினார். தடயத்தைப் பின்தொடர்ந்து போனால், அது தாம் விலை கொடுத்து வாங்கிய, வான் ஸான்ட் சகோதரர்களின் இசைத்தகட்டில் போய் முடிந்தது. அந்நிரல், தகடு கணினியில் இல்லாதபோதும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை இயங்கும் நிரல்களையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தது. நீக்குவதற்கு வழி எதுவும் தரப்படவில்லை. அவர் கையாலேயே கோப்புகளை அழித்தபோது, கணினியின் குறுந்தகட்டு இயக்கியே காணாமல் போயிற்று. காவலனை வெளியேற்றினால் அவன் கதவையும் பெயர்த்துக்கொண்டு போவான் என்ற நிலை. அவர் அறிவுக்கு அதனைச் சரிசெய்ய முடிந்தது. சாதாரண மனிதர் என்ன செய்திருப்பார்? அக்டோபர் 31ஆம் நாள் தம் வலைப்பதிவில் முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார்.

இதனை முதலில் கண்டவர் அவர் அல்லர் என்பது பின்னர்த் தெரியவந்தது. பின்லாந்து நாட்டின் எஃப்-செக்யூர் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அந்த அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே இசை நிறுவனத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. அதைவிட என் மனத்தை உறுத்துவது பிரின்ஸ்டனில் நடந்தது. ஷிஃப்ட் விசையைக் கண்டுபிடித்த அதே ஹால்டர்மனும் அவருடைய பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டனும் ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்பே இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். அறிந்தும் வெளியிடவில்லை. முதலில் வழக்கறிஞர்களைக் கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. பூட்டைத் திறந்து பார்த்தேன் என்று சொல்வதே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகக் கொள்ளப்படலாம் என்று அஞ்சினார்கள். ஃபெல்டனுக்கு அனுபவமும் உண்டு. 2001இல் இசையில் பதிக்கும் மறைகுறிகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையை வாசித்தால் வழக்கு வரும் என இசைத்துறையினர் கடிதம் அனுப்பி மிரட்டியிருந்தார்கள். இவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் பல வீடுகளின் பின்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தவன், “நீ ஏன் பின்பக்கம் போனாய்?” என்று கேட்பார்களே என அஞ்சி வாய்மூடி நிற்கும்படி செய்தது எது என்பதைத்தான் கேட்க வேண்டும். பாடலுக்குப் போட்ட பூட்டு, கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டியவரின் வாய்க்கும் பூட்டாயிற்று.

நிறுவனம் எவ்வாறு பதிலளித்தது? அதன் மின்வணிகப் பிரிவின் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸி நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்கப் பொது வானொலியில் பேசுகையில், பெரும்பாலோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாதே, அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்னும் பொருள்படக் கூறினார். இந்த ஒரு பேச்சு அந்நிறுவனத்துக்கு விளைத்த கேடு கொஞ்சமன்று. நோயாளிக்கு நோயின் பெயர் தெரியாது; ஆகவே அவன் வருந்த வேண்டியதில்லை என்று மருத்துவர் கூறினால் எப்படியிருக்கும்!

கவலைப்பட வேண்டிய காரணம் ஆறு நாளில் வந்தது. பிரித்தானிய வணிக இதழ் ஒன்றிலிருந்து வந்ததுபோல் நடித்த மின்னஞ்சல் பரவியது. இணைப்பாக வந்த கோப்பினைத் திறந்தால் நச்சு நிரல் ஒன்று உள்ளே புகும். அந்நிரல் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், டாலர் குறியில் தொடங்கி ‘சிஸ்’ என வந்து மீண்டும் டாலர் குறியைக் கொண்டிருந்தது! தன்னை மறைத்துக்கொள்ள அது எந்த உழைப்பும் செய்யவில்லை. சோனி பி.எம்.ஜி.யின் காவலன் அப்பெயருள்ள எவரையும் முகம் பாராமல் தன் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான். அதற்கு முன்பே, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் ஏமாற்றி வெல்ல விரும்பிய சிலர், தங்கள் ஏமாற்று நிரலுக்கு இதே பெயரைச் சூட்டி, விளையாட்டு நிறுவனத்தின் கண்காணிப்புக்குத் தப்பியிருந்தார்கள். மறைவிடம் ஒன்றைக் கட்டியவன், அதில் யார் யார் ஒளிவார்கள் என்பதைத் தீர்மானிக்க முடிவதில்லை.

நிறுவனம் தந்த நிவாரணங்கள் நோயைவிடக் கொடியவையாயின. முதலில் வந்த திருத்தம் போர்வையை மட்டும் விலக்கியது, நிரலை நீக்கவில்லை. முழுதும் நீக்க விரும்புவோர் மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்களோடு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவ்வாறு கெஞ்சிப் பெற்ற நீக்கும் கருவியை ஆராய்ந்த ஃபெல்டனும் ஹால்டர்மனும் திகைத்துப் போனார்கள். அது தன் வேலையை முடித்தபின் கணினியில் விட்டுச்சென்ற ஒரு துணுக்கு, அக்கணினியின் பயனர் பார்வையிடும் எந்த இணையதளமும் தன் விருப்பப்படி நிரல்களை உள்ளே இறக்கி இயக்குவதற்கு இடம் கொடுத்தது. அதாவது, நிறுவனத்தின் அறிவுரையைக் கேட்டுப் பணிந்து நடந்தவரே பெரும் ஆபத்துக்கு உள்ளானார்.

எத்தனை கணினிகள் என்ற கேள்விக்கு டான் காமின்ஸ்கி என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் நூதனமான வழியில் விடை தேடினார். அத்தகட்டின் மென்பொருள் அவ்வப்போது தன் நிறுவனத்தின் இணைய முகவரியைத் தேடிச் செல்லும். அவ்வாறு தேடும்போது, இணையப் பெயர்களுக்கு எண் முகவரி சொல்லும் வழிகாட்டிக் கணினிகளின் நினைவில் ஒரு தடம் சில நேரம் தங்கும். உலகெங்கும் உள்ள வழிகாட்டிக் கணினிகளை வினவிய அவர், அவற்றுள் 5,68,000க்கும் மேற்பட்டவற்றில் அத்தடத்தைக் கண்டார். ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை வீடுகள், எத்தனை அலுவலகங்கள் என்பதற்குக் கணக்கில்லை.

நவம்பர் நடுப்பகுதியில் நிறுவனம் பணிந்தது. 52 தலைப்புகளில் வெளியிட்ட ஏறத்தாழ 47 லட்சம் தகடுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் 21 லட்சம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. அப்பட்டியலில் நீல் டயமண்ட், செலின் டியான் போன்ற புகழ்பெற்ற பாடகர்களின் தகடுகளும் இருந்தன. தங்கள் பாட்டோடு என்ன அனுப்பப்படுகிறது என்பது அப்பாடகர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கே ஒரு பக்கக் கதையைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. நார்வே நாட்டு இளைஞர் யோன் லெக் யோஹான்சன் தமக்கு 15 வயதாயிருந்த 1999இல், திரைப்படத் தகடுகளின் பூட்டைத் திறக்கும் நிரல் ஒன்றைப் பிறரோடு சேர்ந்து உருவாக்கி வெளியிட்டார். தாம் காசு கொடுத்து வாங்கிய படத்தைத் தம்முடைய லினக்ஸ் கணினியில் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம் என்றார். திரைப்பட நிறுவனங்களின் புகாரின்பேரில் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வீடு சோதனையிடப்பட்டது, வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றமும் அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தன. தாம் வாங்கிய தகட்டைத் தாம் பார்ப்பது குற்றமன்று என்பது தீர்ப்பின் சாரம். எக்ஸ்.சி.பி. மென்பொருளைப் பகுத்துப் பார்த்த வல்லுநர்கள் அதனுள்ளே யாருடைய எழுத்தைக் கண்டார்கள் தெரியுமா? இதே யோஹான்சன் பின்னாளில் எழுதிய நிரல்வரிகளின் மாற்றிய வடிவத்தை! மேலும், லேம், வி.எல்.சி. முதலிய கட்டற்ற மென்பொருள்களின் பகுதிகளும் அவற்றின் உரிம நிபந்தனைகளுக்கு இணங்காமல் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. பதிப்புரிமையைக் காக்க வந்த நிரலே பிறர் உரிமையை மீறி எழுதப்பட்டிருந்தது. நான் கற்பனையாக இப்படியொரு கதை எழுதி அனுப்பியிருந்தால், மிகைப்படுத்துகிறீர்கள் என்று ஆசிரியர் திருப்பியனுப்பியிருப்பார்.

“அவர்கள் ஒப்பந்தம் காட்டினார்களே, வாங்கியவர் ‘சம்மதம்’ என்று அழுத்தினாரே” என்று கேட்கலாம். ஆம், நீண்டதோர் உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றத்தான் செய்தது. வாங்கியவர் திவாலானால் கணினியில் உள்ள பாடல்களை அழித்துவிட வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தது. கணினிக்குள் ஒளிந்திருக்கும் நிரலைப் பற்றியோ, அதனை நீக்க வழியில்லை என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், ஒரு செயல் ஒருவருடைய செயல் என்று சொல்லப்படுவதற்கு அறிவும் விருப்பமும் ஆகிய இரண்டும் வேண்டும் என எங்கள் பேராசிரியர் திரும்பத் திரும்ப வலியுறுத்துவார். அறியாததற்கு ஒருவர் சம்மதிக்க முடியாது. பூட்டுப் போட்டதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. தன் பொருளுக்குப் பூட்டுப் போட எவருக்கும் உரிமை உண்டு. அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கடையைவிட்டு வெளியேற வாங்குபவருக்கும் உரிமை உண்டு. ஒளித்தபோதுதான் இரண்டாவது உரிமை பறிபோயிற்று. அப்போது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலராக இருந்த ஸ்டூவர்ட் பேக்கர் இசைத்துறையினரைப் பார்த்து, அது உங்கள் அறிவுச் சொத்தாக இருக்கலாம், ஆனால் கணினி உங்களுடையது அன்று என்னும் கருத்தில் நினைவூட்டினார். அரசாங்க அதிகாரி ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசுவது அரிது.

பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 1976இல் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள், வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பேட்டாமேக்ஸ் கருவியை விற்றதற்காக ஒரு நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. எட்டு ஆண்டுகள் போராடி, 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்தது அந்த நிறுவனம். அதன் பெயர் சோனி. கருவி விற்றவரைக்கும் வாங்கியவர் பக்கம் நின்றவர்கள், பாடலும் படமும் விற்கத் தொடங்கியபின் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். மனிதர் நிற்கும் இடத்தைப் பொறுத்து நீதி எப்படி நிறம் மாறுகிறது!

வழக்குகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. டெக்சாஸ் மாநிலம் 2005 நவம்பரிலேயே வழக்குத் தொடுத்தது. வாங்கியோர் சார்பான கூட்டு வழக்கில் 2006 மே மாதம் உடன்பாடு உறுதியாயிற்று. தகட்டை மாற்றிக்கொள்வதோடு ஏழரை டாலரும் ஒரு தொகுப்பும், அல்லது மூன்று தொகுப்புகள் இலவசம் என முடிந்தது. 2006 டிசம்பரில் டெக்சாஸ், கலிஃபோர்னியா மாநிலங்களுக்கு 15 லட்சம் டாலரும், மேலும் ஏறக்குறைய நாற்பது மாநிலங்களுக்கு 42.5 லட்சம் டாலரும் நிறுவனம் செலுத்த இசைந்தது. 2007 ஜனவரியில் கூட்டரசின் வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்கள் 150 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம் என்றாயிற்று. பெருநிறுவனத்துக்கு இவை சில்லறைக் காசுகள். ஆனால், இசைத்தகட்டில் ஒளிக்கும் மென்பொருளைச் சேர்க்கும் துணிவு அதன்பின் யாருக்கும் வரவில்லை. இணையத்தில் விற்கும் பாடல்களுக்கும் பூட்டுத் தேவையில்லை என்ற முடிவுக்கு 2007இல் மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன; 2008 ஜனவரியில், நான்கு பெரிய நிறுவனங்களுள் கடைசியாக, சோனி பி.எம்.ஜி.யும் இசைந்தது.

வாய்க்குப் போட்ட பூட்டு சற்றே தளர்ந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விலக்குகள் வழங்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகருக்கு உண்டு. ஃபெல்டனும் ஹால்டர்மனும் விண்ணப்பித்ததன் பேரில், இசைத்தகட்டின் பூட்டு கணினிக்கு ஊறு விளைவிக்குமானால் அதனை நல்லெண்ணத்தோடு திறந்து ஆராயலாம் என 2006 நவம்பரில் மூன்றாண்டுக்கு ஒரு விலக்கு வந்தது. ஆட்டோரன் என்னும் காவலற்ற வாயிலோ அதற்குப் பிறகும் திறந்தே கிடந்தது. 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் போன்ற நச்சு நிரல்கள் பென்டிரைவ் வழியே அதில் புகுந்து உலகைச் சுற்றிவந்தன. 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட், பழைய விண்டோஸ் கணினிகளிலும் பென்டிரைவுகளுக்கு அதனை அடைக்கும் திருத்தத்தைப் பரவலாக அனுப்பியது. எங்கள் அலுவலகக் கணினி அந்தத் திருத்தத்தைப் பெறாமலே கிடந்தது என்று அந்த இளைஞர் பின்னர்ச் சொன்னார். அது என் கவனக்குறைவு. திருமுழுக்குப் பதிவேட்டை அன்றே இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தோம்.

விற்றுப்போன 21 லட்சம் தகடுகளும் திரும்பி வந்துவிடவில்லை. அவற்றுள் பல இன்னும் வீட்டு அலமாரிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றை எடுத்துக் கணினி ஏதுமில்லாத பழைய இசைப்பெட்டியில் இட்டால், வாங்கிய நாளில் பாடியதைப் போலவே இன்றும் பாடும். அந்தப் பெட்டிக்கு எண்களை மட்டுமே படிக்கத் தெரியும். பாட்டுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்த்ததே இல்லை.